டெல்டாவில் காற்றுக்கு, யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கு: யூரியா போகும் வழி

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கணக்குப் போட்டால் மூட்டைக்கு 20.7 கிலோ வருகிறது. வேப்பெண்ணெய்ப் பூச்சு, வரி எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டு விவசாயி அதற்குக் கொடுக்கும் விலை 266 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. இவ்வளவு மலிவான பொருள் கொஞ்சம் சிந்தினால் யார் கவலைப்படப் போகிறார்கள்?

ஆனால் சிந்துவது கொஞ்சமில்லை. தானியப் பயிர்களுக்குப் போடும் நைட்ரஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குள் போய்ச் சேர்கிறது என்பது உலக அளவில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. நம் நெல் வயல்களும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஆக, 20.7 கிலோவில் ஏழு கிலோ நெல்லுக்கும் வைக்கோலுக்கும் போனது என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 14 கிலோவில் ஒரு பகுதி மண்ணின் மட்கோடு சேர்ந்து அங்கேயே தங்கும். அதை நட்டக் கணக்கில் எழுதக் கூடாது, அடுத்த போகத்துக்கு அது இருப்பு. மற்றதெல்லாம் வயலை விட்டே போய்விடுகிறது.

விவசாயியின் கணக்கில் போன நைட்ரஜன் எல்லாம் ஒன்றுதான், காசு போச்சு. சுற்றுச்சூழலின் கணக்கு வேறு. நைட்ரஜன் வாயுவாகவே போனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் ஏற்கனவே அதுதான். அம்மோனியாவாகப் போனால் அது காற்றில் நுண்துகளாகி நுரையீரலுக்கு வரும். நைட்ரஸ் ஆக்சைடாகப் போனால் பூமியைச் சூடாக்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். நைட்ரேட்டாக நீரோடு இறங்கினால் குடிக்கிற கிணற்றுக்குள் வந்து நிற்கும். எந்த வழியில் போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்து மண்ணும் தண்ணீரும். அதனால்தான் எல்லா ஊருக்கும் ஒரே தீர்வு என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரே யூரியா காவிரி டெல்டாவின் சேற்று வயலில் என்ன ஆகிறது, யாழ்ப்பாணம் வலிகாமத்தின் செம்மண் தோட்டத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும்.

உச்சி வெயிலில் வயல் தண்ணீர்

குறுவை நடவு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தண்ணீர் கட்டிய வயலில் மேலுரமாக யூரியா வீசுகிறார்கள். வெள்ளை மணிகள் தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடுகின்றன. நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக மாற்றுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இந்த வேலையில் பெரும்பகுதி சில நாட்களிலேயே முடிந்துவிடும். பயிருக்கு வேண்டியது இந்த அம்மோனியம்தான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

அந்த வயல் தண்ணீரில் பாசி இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. கரியமில வாயு குறைந்தால் தண்ணீரின் காரத்தன்மை கூடும். விடிகாலையில் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7க்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் உச்சி வெயிலில் 9ஐத் தொட்டுவிடும். இரவில் மறுபடி இறங்கும். பிஎச் 7இல் தண்ணீரில் உள்ள அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருக்காது. 9க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அம்மோனியா வாயுவாகி வெளியேறத் தயாராக நிற்கும். அப்போது கொஞ்சம் காற்று வீசினால் போதும், வயலை விட்டுப் போய்விடும். பாசியும் சும்மா இல்லை, அதுவும் தூவிய யூரியாவைத் தின்றுதான் கொழுக்கிறது. தின்று வளர்ந்த பாசி மிச்ச யூரியாவைக் காற்றில் விரட்டுகிறது.

இப்படித் தூவிய யூரியாவில் பத்து சதவீதமும் போகலாம், ஐம்பது சதவீதத்தை ஒட்டியும் போகலாம். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் நேரம். நட்ட புதிதில் பயிர் சிறியது, வேர் குட்டை, வயல் முழுக்க வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அந்த நேரத்தில் யூரியா போட்டால் நட்டம் உச்சத்தில் இருக்கும். அதே யூரியாவைக் கதிர் உருவாகும் பருவத்தில் போட்டால் பயிர் அடர்ந்து தண்ணீருக்கு நிழல் கட்டியிருக்கும். பாசி குறைவு, காற்று குறைவு, வேரும் பசியோடு இருக்கும், சில நாட்களில் இழுத்துக்கொண்டுவிடும். மூட்டையின் எண்ணிக்கை மாறாமலே நட்டம் பாதியாகிறது என்றால் அது பெரும்பாலும் இந்த நேரக் கணக்கால்தான்.

காற்றில் ஏறிய அம்மோனியா அதிக நாள் மிதப்பதில்லை. ஒரு பகுதி பக்கத்திலேயே மண்ணிலும் மரத்திலும் படிகிறது. மற்றது வாகனப் புகையிலிருந்தும் அனல் மின் நிலையங்களிலிருந்தும் வரும் அமிலங்களோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் துகள்களாகிறது. நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகள்களில் இவையும் உண்டு. செயற்கைக்கோள்கள் பார்த்தவரை உலகிலேயே காற்றில் அம்மோனியா மிக அடர்ந்த பகுதிகளில் ஒன்று கங்கைச் சமவெளி. டெல்லியின் பனிக்காலப் புகைமூட்டம் என்றால் எல்லோரும் வைக்கோல் எரிப்பதைப் பேசுகிறார்கள். புகை கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்க முடிகிறது. யூரியா தூவிய வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் போகும் அம்மோனியாவைப் படம் எடுக்க முடியாது, அதனால் அது செய்தியில் வருவதில்லை.

சேற்றுக்குள் இரண்டு அடுக்கு

தண்ணீர் நிற்கும் நெல் வயலின் சேற்றை ஒரு கட்டி வெட்டி எடுத்துப் பார்த்தால் மேலே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டும் மண் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் அல்லது கருநீலம். மேலடுக்கில் ஆக்சிஜன் இருக்கிறது, கீழடுக்கில் இல்லை. இந்த மெல்லிய எல்லைதான் நைட்ரஜனின் இரண்டாவது வெளியேறும் வழி.

மேலடுக்கில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது, களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, மண் அதைப் பிடிக்காது, தண்ணீர் போகிற பக்கம் போகும். கீழே இறங்கிய நைட்ரேட்டை அங்கே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறொரு கூட்டம் பிடித்து, அதில் இருக்கும் ஆக்சிஜனைச் சுவாசத்துக்கு எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஜப்பானிய மண்ணியல் அறிஞர்கள் இதைப் புரிந்துகொண்டு, உரத்தைத் தண்ணீர் மேல் தூவாமல் சேற்றின் கீழடுக்கில் சேருங்கள் என்று சொன்னார்கள். அங்கே அம்மோனியம் நைட்ரேட் ஆகாது. தண்ணீருக்கும் வராது, அதனால் காற்றுக்கும் போகாது. பங்களாதேஷில் யூரியாவைக் கோலிக்குண்டு அளவு உருண்டைகளாக அழுத்தி, நான்கு நாற்றுக் குத்துகளுக்கு நடுவே ஒன்று என்று விரலால் சேற்றில் புதைக்கும் பழக்கம் வந்ததற்கு இதுவே அடிப்படை. மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சமாகிறது, விளைச்சலும் குறைவதில்லை.

இங்கே ஏன் பரவவில்லை என்று கேட்டால் டெல்டாவில் யாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ஆள் கூலி. 266 ரூபாய் மூட்டையில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கப் பல நூறு ரூபாய் கூலி கொடுத்து யார் உருண்டை புதைப்பார்கள்?

சேற்றடுக்கில் நடக்கும் இந்த வேலை முழுதாக நடந்தால் வெளியே வருவது வெறும் நைட்ரஜன் வாயு. பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் இது குறைவு. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் நிலத்தில் கூடுதல். நைட்ரஸ் ஆக்சைடு வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கும் வாயு. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ, 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைக் கொடுக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடியில் 270 பங்கு இருந்தது, இப்போது 335ஐத் தாண்டிவிட்டது. ஓசோனை அரிக்கும் பழைய குளிர்பதன வாயுக்கள் தடைசெய்யப்பட்ட பிறகு, இன்று மனிதர்கள் வெளியிடுவதில் ஓசோனுக்கு முதல் எதிரி இதுவே.

மேட்டு நிலப் பயிர்களுக்கு, போட்ட நைட்ரஜனில் சுமார் ஒரு சதவீதம் இப்படிப் போகிறது என்று வைத்துத்தான் உலக நாடுகள் தங்கள் பசுங்குடில் வாயுக் கணக்கை எழுதுகின்றன. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். நூறு கிலோ தழைச்சத்துக்கு ஒரு கிலோ நைட்ரஜன், அது நைட்ரஸ் ஆக்சைடு எடையில் 1.57 கிலோ, 273ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 430 கிலோ கரியமில வாயு. பணக் கணக்கில் விவசாயிக்கு 13 ரூபாய் நட்டம், பூமியின் கணக்கில் 430 கிலோ. இந்த இரண்டு எண்களும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

இங்கே ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுங்கள் என்று வேளாண்மைத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. தண்ணீர் மிச்சம், மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், இரண்டும் உண்மை. ஆனால் வயல் காயும்போது அம்மோனியம் நைட்ரேட் ஆகிறது, மறுபடி தண்ணீர் கட்டும்போது அது வாயுவாகப் போகிறது, அதில் நைட்ரஸ் ஆக்சைடும் உண்டு. மொத்தத்தில் கூட்டிக் கழித்தால் பொதுவாக லாபம்தான். அதற்காகக் காயவிட்ட வயலில் யூரியாவைத் தூவிவிட்டு இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் திறக்கலாம் என்று இருந்துவிட்டால் மீத்தேனில் சேமித்ததில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிடுகிறோம்.

வேம்பு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

வேப்பம் புண்ணாக்குக் கலந்த யூரியா நமக்குப் புதிதில்லை. ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு, கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுங்கள் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் நடந்த ஆய்வுகள் இதற்கு வேதியியல் விளக்கம் கொடுத்தன. வேம்பில் இருக்கும் கசப்புப் பொருட்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேலையை மெதுவாக்குகின்றன. 2015இல் மத்திய அரசு, நாட்டில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது.

நல்ல முடிவுதான். ஆனால் அதற்குக் கிடைத்த விளம்பரம் அதன் வேலையைவிடப் பெரிது. வேம்பு தடுப்பது நைட்ரேட்டாகும் வழியை, அதாவது கீழே இறங்குவதையும் நைட்ரஸ் ஆக்சைடையும். முதல் வழியான அம்மோனியாவை அது தடுக்காது. அம்மோனியம் அம்மோனியமாகவே அதிக நாள் இருக்கிறது என்றால், அது உச்சி வெயிலில் வயல் தண்ணீரின் மேலேயே கிடக்கும்போது காற்றுக்குப் போகக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது என்றும் அர்த்தம். ஒரு கதவைச் சாத்தினால் கூட்டம் அடுத்த கதவுக்குப் போவது மாதிரிதான். பூச்சுள்ள யூரியாவானாலும் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் தூவி, கலக்கிவிட்டு, பிறகு தண்ணீர் கட்டினால்தான் முழுப் பலன். இந்த இரண்டாவது பாதியை மூட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை.

இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியாவையும் இந்த இடத்தில் பேசிவிடலாம். 2021இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ கொண்டுவந்த முதல் நானோ யூரியா புட்டி 500 மில்லி, நைட்ரஜன் நான்கு சதவீதம். அதாவது புட்டிக்கு 20 கிராம். ஒரு புட்டி ஒரு மூட்டைக்கு ஈடு என்றார்கள். மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. இலையில் தெளிப்பது மண்ணில் போடுவதைவிடத் திறமையானது என்பதை ஒப்புக்கொண்டாலும், பயிர் தன் உடம்பைக் கட்டத் தேவையான நைட்ரஜன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆயிரம் மடங்கு இடைவெளியைத் திறமை நிரப்பாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனையில் நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இதைவிட எளிய கருவி ஒன்று பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. இலை வண்ண அட்டை. வெவ்வேறு பச்சைக் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவே, நன்றாக விரிந்த மேல் இலைகள் பத்தை உங்கள் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பாதிக்கு மேற்பட்ட இலைகள் அதற்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. பக்கத்து வயல் கருகருவென்று இருக்கிறதே என்று பார்த்துப் போடும் ஒரு கை யூரியா இதனால் மிச்சமாகும். அந்தக் கருகரு பச்சையைத் தேடித்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன, அப்புறம் மருந்துச் செலவு.

ஆனாலும் அட்டை பரவவில்லை, யூரியா பரவுகிறது. 2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) உரங்களின் விலையைச் சந்தையோடு நகரவிட்டார்கள், யூரியாவை மட்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்தார்கள். அன்றிலிருந்து மணிச்சத்து தரும் டிஏபியும் சாம்பல் சத்து தரும் பொட்டாஷும் ஏறின, யூரியா நின்ற இடத்தில் நின்றது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பற்றாத பயிரால் நைட்ரஜனையும் முழுசாகப் பயன்படுத்த முடியாது. ஆக மலிவு யூரியா இரண்டு தடவை சிந்துகிறது: தேவைக்கு மேல் போட்டதால் ஒரு தடவை, மற்ற சத்து குறைந்ததால் இன்னொரு தடவை. விவசாயிக்கு அறிவு போதவில்லை என்று இதைச் சொல்வது அநியாயம். கொடுத்திருக்கும் விலைக்கு அவர் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்.

செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும்

இப்போது பாக்கு நீரிணையைத் தாண்டுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு உண்டு. மற்றபடி குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாமே கிணறு. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. பெய்த தண்ணீர் மெல்லிய செம்மண்ணைக் கடந்து, அடியில் இருக்கும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, கடல் நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையில் இதே நிலத்தடி நீர் கடற்கரையில் ஊற்றாக வெளியே வருகிறது.

வலிகாமத்தின் செம்மண் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, மரக்கறி என்று ஆண்டு முழுக்கத் தோட்டம் செய்யும் மண். டெல்டாவின் சேறு இங்கே இல்லை, தண்ணீர் நிற்பதே இல்லை. மண்ணில் காற்றோட்டம் நிறைய. அதனால் போட்ட யூரியா அம்மோனியமாகி, ஓரிரு வாரத்தில் நைட்ரேட்டாகிவிடுகிறது. டெல்டாவில் நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜனாக்கித் திருப்பி அனுப்பும் ஆக்சிஜன் இல்லாத அடுக்கு இங்கே கிடையாது. வெங்காயத்தின் வேரில் பெரும்பகுதி மேல் ஒரு அடிக்குள். அந்த ஆழத்தைத் தாண்டி நைட்ரேட் இறங்கிவிட்டால் பயிருக்கு அது எட்டாது. அடியில் இருப்பது வெடிப்பு விட்ட சுண்ணாம்புக் கல், கிணற்று நீர்மட்டமும் சில மீட்டரில். வேர் எட்டாத நைட்ரேட் நேராகக் குடிநீருக்குப் போகிறது.

இதில் மழையின் பங்கு பெரிது. கோடை முழுக்கத் தோட்டத்தில் போட்டு மிஞ்சியதும், வெயிலில் மண்ணின் மட்கு சிதைந்து வந்ததும் நைட்ரேட்டாக மேல்மண்ணில் சேர்ந்திருக்கும். மாரி தொடங்கும்போது நிலத்தில் பெரிய பயிர் இல்லையென்றால் முதல் கனமழையே அதைக் கழுவி இறக்கிவிடும். ஆண்டின் நட்டத்தில் பெரும் பங்கு சில நாள் மழையில் முடிந்துவிடக்கூடும். பிறகு அதே கிணற்றில் இறைத்து அதே தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள், மறுபடி பசளை (உரம்) போடுகிறார்கள், மறுபடி இறங்குகிறது.

குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் அளவு கூடியிருப்பது 1980களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம், இந்தியாவில் 45. அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் தோட்டச் செய்கை அடர்ந்த வலிகாமத்தில் அதிகம். நாற்பது ஆண்டாகத் தெரிந்த விஷயம் ஏன் பேச்சாகவில்லை? சுன்னாகம் பக்கக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது ஊரே திரண்டது, போராட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. எண்ணெய் மணக்கும், மேலே மினுமினுக்கும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தெளிந்த தண்ணீராகவே இருக்கும்.

அதைவிட மோசம், காய்ச்சிக் குடித்தாலும் போகாது. கிருமிக்குப் பயந்து கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் நைட்ரேட் சற்றுக் கூடியே இருக்கும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். துணியில் வடிகட்டுவதும் குளோரின் போடுவதும் பயனில்லை. சவ்வு வழியாக வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் பெரும்பகுதியை எடுக்கும். முக்கியமான ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாகி, ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளை வைத்து 1945இல் இது முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதப்பட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் வீட்டில்தான் கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதை யாழ்ப்பாணத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் நாடு முழுக்க எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நைட்ரேட் எல்லையைத் தாண்டியிருந்தது, 440 மாவட்டங்களில். தமிழ்நாட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். டெல்டாவின் களிமண்ணைக் கடந்து மேட்டுப் பகுதிக்குப் போனால் செம்மண்ணும் பாறையும் கிணற்றுப் பாசனமும்தான், நைட்ரஜனுக்கு அங்கேயும் வலிகாமத்தின் வழிதான் திறந்திருக்கிறது.

தடை போட்டால் தீருமா?

2019 அக்டோபரில் தெற்காசிய நாடுகள் உட்படப் பலர் கூடி, நைட்ரஜன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்ற பிரகடனத்தைக் கொழும்பில்தான் வெளியிட்டார்கள். ஒன்றரை ஆண்டில், 2021இல், இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியையே ஒரே அடியாக நிறுத்தியது. நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்த மாரிக்காலப் பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. விரயத்தைப் பாதியாக்குவதும் பசளையை இல்லாமல் ஆக்குவதும் ஒன்றென்று நினைத்ததன் விலை அது.

கிணறுகளையாவது அந்தத் தடை காப்பாற்றியிருக்குமா என்றால், அந்த வாதமும் நிற்காது. மாட்டெருவில் இருந்து வரும் நைட்ரேட்டுக்கும் யூரியாவில் இருந்து வருவதற்கும் மண்ணுக்குள் வித்தியாசம் இல்லை. எரு மெதுவாகச் சிதைவது நல்லதுதான், ஆனால் பயிர் அறுத்த பிறகும் அது சிதைந்துகொண்டே இருக்கும், மாரி மழைக்கு அந்த நைட்ரேட்டும் சேர்ந்து இறங்கும். கோழி எருவை ஏராளமாகக் கொட்டினால் யூரியாவுக்குச் சளைக்காமல் கிணற்றைக் கெடுக்கும். பனையோலையும் பூவரசங்குழையும் மண்ணுக்குள் புதைக்கும் யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கம் ஒரு விதத்தில் மேல். காய்ந்த ஓலையில் கார்பன் அதிகம், அது சிதையும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரேட்டைத் தங்கள் உடம்புக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு மெல்ல விடும். ஈரப்பிடிப்பும் கூடும்.

டென்மார்க் வேறு மாதிரிச் செய்தது. 1986இல் கட்டகட் கடலில் ஆக்சிஜன் இல்லாமல் செத்த சிங்கி இறால்கள் தொலைக்காட்சியில் வந்ததும் நாடு கொந்தளித்தது, அடுத்த ஆண்டே நீர்ச்சூழல் திட்டம் வந்தது. ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு நைட்ரஜன் வாங்கியது, எவ்வளவு போட்டது என்று கணக்குக் காட்ட வேண்டும், மாட்டெருவும் கணக்கில் வரும், அறுவடைக்குப் பிறகு நிலத்தை வெறுமையாக விடாமல் மிச்ச நைட்ரேட்டைப் பிடிக்கும் மூடுபயிர் போட வேண்டும். உபரி நைட்ரஜன் ஏறக்குறைய பாதியாக இறங்கியது, விளைச்சல் விழுந்துவிடவில்லை. நூறு ஏக்கர் பண்ணைகளிடம் கேட்ட அந்தக் கணக்கை வலிகாமத்தில் சில பரப்பு (யாழ்ப்பாணத்து நில அளவு) வெங்காயத் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்க முடியாது. ஆனால் மாரிக்கு முன் சணப்பு, பயறு என்று எதையாவது விதைத்து நிலத்தை மூடி வைப்பதற்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை.

இன்னொன்று, என் கண்ணுக்கு இதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் பசளைதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்றால் அதில் நைட்ரஜன் 11.3 மில்லிகிராம். ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 500 மில்லிமீட்டர் தண்ணீர் இறைத்தால் 50 லட்சம் லிட்டர். அதோடு வயலுக்கு வரும் தழைச்சத்து சுமார் 56 கிலோ, இரண்டரை மூட்டை யூரியாவுக்கும் மேல். அவ்வளவையும் பயிர் எடுத்துக்கொள்ளாது என்றாலும், பாதியை எடுத்தால்கூட ஒரு மூட்டை யூரியாவைத் தாராளமாகக் குறைத்துவிடலாம். நைட்ரேட் 100 இருக்கும் கிணறாக இருந்தால் இது இரட்டிப்பு. நிறம் மாறும் சோதனைத் தாளை ஒரு டம்ளர் கிணற்று நீரில் தோய்த்தால் சில நிமிடத்தில் தோராய அளவு தெரிந்துவிடும். ஆனாலும் வழக்கமான உரப் பரிந்துரை அட்டவணையில் மண் பரிசோதனைக்குக் கட்டம் இருக்கும், கிணற்று நீரின் நைட்ரேட்டுக்கு இருக்காது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இதே நிலைதான்.

தோட்டக்காரர் இதையெல்லாம் செய்தாலும் எல்லாக் கிணறும் தெளியும் என்று சொல்வதற்கில்லை. வீடுகள் நெருங்கிய யாழ்ப்பாண நகரப் பகுதியில் வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி, அதற்குச் சில மீட்டர் தள்ளிக் கிணறு. அந்தக் குழியிலிருந்து இறங்குவதும் நைட்ரேட்தான், அதே சுண்ணாம்புக் கல் வழியாகத்தான். வலிகாமத்துத் தோட்டக் கிணற்றுக்குப் பசளைக் கணக்கு, நகரக் கிணற்றுக்குக் கழிவுநீர்க் குழாய். இரண்டாவதற்கு ஆகும் செலவு பெரிது, அதைத் தோட்டக்காரர் தலையில் கட்ட முடியாது.